சிறுவாச்சூர் வேன்காரருக்குப் போட்ட வெப் பேஜ்

"சார், பெங்களூர் பார்ட்டி வந்துட்டாங்க. கோயில் பூட்டியிருக்குன்னு என்னைப் புடிச்சுச் சத்தம் போடுறாங்க. செத்த வாங்களேன்."

2005இல் ஒரு புதன்கிழமை காலை செல்வராசு போனில் சொன்னது இது. அப்போது நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டு, சிறு தொழில் செய்பவர்களுக்கு வெப் பேஜும் போட்டுக் கொடுத்து வந்தேன். செல்வராசு சிறுவாச்சூர்க்காரர். குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வேன், அறை, சாப்பாடு, மாவிளக்கு ஏற்பாடு எல்லாம் செய்து தருவார். வேன் இரண்டு இருந்தும் ஓட்டம் போதவில்லை. "பேஜ் பார்த்தும் ஆள் வரலைன்னா, ஒரு வண்டியை வித்துட்டு அரியலூர்ல சிமெண்ட் லாரி ஓட்டவே போயிடுவேன் சார்" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்.

அவர் கேட்டபடியே போட்டேன். மேலே அம்மன் படம், சுற்றிலும் மின்னும் விளக்குகள், அடியில் ஓடும் எழுத்தில் 'எல்லா நாளும் 24 மணி நேர சேவை'.

முதலில் வந்த ஈமெயில் பெங்களூரிலிருந்து. குழந்தைக்கு முடி இறக்க வேண்டும், பதினோரு பேர், புதன் காலை வருகிறோம் என்று இருந்தது. செல்வராசுக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிறுவாச்சூர் அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அதனால் அவர், "புதன் வந்து தங்கி, வெள்ளி கும்பிடுவாங்க போல. நல்ல பார்ட்டி சார்" என்று சொல்லி இரண்டு ராத்திரிக்கு அறைகளை ஒழுங்கு செய்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் அப்பா செல்வராசு வீட்டு வாசலில் நின்றிருந்தார். இத்தனை நாளும் கோயில் காரியங்களைப் பார்த்தவர் அவருடைய அப்பா. அவர் காலமான பிறகு இவர்களாக வருவது இதுதான் முதல் தடவை.

"எல்லா நாளும்னு எழுதியிருக்கீங்களே?"

"அது வேனுக்குங்க. கோயிலுக்கு இல்ல" என்றார் செல்வராசு.

"எங்களுக்கு எப்படிங்க தெரியும்? இன்னிக்கு ராத்திரி திருச்சியில டிரெயின்."

செல்வராசுவின் மனைவி மலர் ஒரு வாளி வெந்நீரோடு வந்தார். "நின்னு பேசுனா கதவு தொறக்கவா போவுது? ரூம் வெள்ளி வரைக்கும் உங்களுக்குத்தான். மொதல்ல பிள்ளையைக் குளிப்பாட்டுங்க."

வேனுக்குள் இருந்த பாட்டி மகனைக் கூப்பிட்டார். "லீவு சொல்லிடுப்பா. பதினோரு பேரை இன்னொரு தடவை உன்னால சேர்க்க முடியுமா?"

தங்கினார்கள்.

மறுநாள் குழந்தையின் அம்மா, ஆபீசுக்கு மெயில் அனுப்ப என் சென்டருக்கு வந்தார். பேஜைத் திறந்துவைத்து, கிளம்பும் முன் என்னவெல்லாம் தெரியாமல் இருந்தது என்று கேட்டேன். கோயில் எந்த நாள் திறக்கும், ராத்திரி பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது, குழந்தைக்கு வெந்நீர் உண்டா, மாவிளக்குக்கு அரிசி நாங்களே கொண்டுவர வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தக் கேள்விகளையே தலைப்புகளாக்கினேன். ஒவ்வொன்றின் கீழும் பதில். முடிவில் போன் நம்பர்.

செல்வராசு பார்த்துவிட்டு, "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்?" என்றார்.

"தெரிஞ்சவங்க உங்களைக் கூப்பிடப் போறதில்லையே."

அம்மன் படத்தைச் சுற்றி மின்னிய விளக்குகளைத் தொட்டுக் காட்டினார். "சரி, லைட்டையாவது விட்டு வைங்க."

"பேஜ் திறக்க லேட்டாகுதுங்க."

"ரெண்டே ரெண்டு."

இரண்டு விட்டுவைத்தேன்.

சில வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "பம்பாய்ல இருந்து ஒருத்தர் பேசுனார் சார். ஏழு பேரு, திங்கக்கிழமை காலைல வரோம்னுட்டு வச்சிட்டார். கோயில் உண்டான்னு கேக்கல, எங்க இறங்கறதுன்னு கேக்கல. ஒண்ணுமே கேக்காதவங்க நெசமா வருவாங்களா?"

வந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களும் வந்தார்கள். வண்டியை விற்கும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன் செய்பவர் எதையும் கேட்காமல் வரும் நாளை மட்டும் சொல்லிவிட்டு வைத்தால், பேஜ் தன் வேலையைச் செய்திருக்கிறது.