யூரியாவுக்கு முன்பே மஞ்சள்

அய்யாவு சொந்தமாகப் பயிர் வைத்தது ஒரே ஒரு போகம்தான். அதற்குள் ஊர் அவர் பெயரைக் கெடுத்துவிட்டது.

கொடி பிடித்து, போலீஸ் அடி வாங்கி, நில உச்சவரம்புக்கு மேலிருந்த பண்ணை நிலத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. மன்னார்குடிக்குக் கிழக்கே, எண்பத்து நாலாம் வருஷம். பட்டா கைக்கு வரும்போதே ஐப்பசி. இனி நாற்று விட நாளில்லை. பண்ணை நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றுமுடிகளைக் கேட்டு வாங்கி நட்டார். ஆறாம் நாளே பயிர் மஞ்சளடித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து மனுஷன் யூரியாவை வாரி இறைத்தார். பயிர் குட்டையாகவே நின்று, செம்மஞ்சளாகிப் பதராய்ப் போனது.

"யூரியாவக் கொட்டிப் பொசுக்கிட்டான். கூலிக்காரனுக்கு எதுக்குய்யா நெலம்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்த வாய்களை விடுங்கள். அய்யாவுவே அதை நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பழையபடி கூலிக்கே போனார்.

மகள் செவ்வந்தி கெட்டிக்காரி. விடாமல் படித்து, பயிர் வைரஸ்களை ஆராயும் கூடத்தில் போய் நின்றாள். அப்பாவின் வயலுக்கு வந்தது துங்ரோ என்ற வைரஸ் நோய், அதைச் சுமந்து வருவது பச்சைத் தத்துப்பூச்சி என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. அவள் கையில் இருந்தது வேறொரு ஆர்.என்.ஏ. வைரஸ். அந்த ஆர்.என்.ஏ. சரத்தின் கடைசியில் சிறு துண்டு ஒன்று உண்டு. நகலெடுக்கும் நொதி அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். துண்டை வெட்டிவிட்டால் வைரஸ் பெருகவே இல்லை. துண்டை வெட்டாமல் வைரஸை ஏற்றிய செடிகளிலும் அது நகல் நகலாகப் பெருகி இலை மஞ்சளாகப் பத்து நாள் பிடித்தது. நாட்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினாள்.

"அப்பா, மஞ்சளடிச்சது யூரியா போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதாம்மா. அதனாலதானே போட்டேன்."

"துங்ரோ உள்ள புகுந்து, பெருகி, இலை மஞ்சளாகக் கொறஞ்சது ஒரு வாரம், பத்து நாள் ஆகும்ப்பா. உங்களுக்கு ஆறே நாள். நடறப்பவே நாத்துல நோய் இருந்திருக்கு."

அய்யாவு தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "அப்ப என் கையில தப்பில்லையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. யூரியாவால அதக் காப்பாத்த முடியல, அவ்வளவுதான்."

தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பதின்மூன்று வருஷத்தையும் சேர்த்து அழுதார். செவ்வந்தி அவர் கையை விடவே இல்லை.

அது ஆடி மாதம். மறுநாள் காலை, குத்தகைக்காரர் தியாகேசன் வழக்கம்போல நிலத்தைக் கேட்டு வந்தார். அய்யாவு எழுந்து நின்றார்.

"இந்த வருஷம் நானே நடறேங்க. நாத்தும் நானே விட்டுக்கறேன்."