படத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி

வேலைக்கு வந்ததும் இருட்டு சார் முதல் காரியமாகக் கணினியின் திரையை அணைத்துவிடுவார்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். பிறகு ஹெட்போனை மாட்டி, கண்ணையும் மூடிக்கொண்டு விசைப்பலகையைத் தட்ட ஆரம்பிப்பார். புதிதாக வருகிறவர்கள் மனிதர் தூங்குகிறார் என்றே நினைப்பார்கள். "தூங்கல தம்பி, படிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார், கண்ணைத் திறக்காமலே.

கல்லூரியின் இணையத்தளத்தில் பாடங்களை ஏற்றுவது அவர் வேலை. ஆசிரியர்கள் அனுப்புவதை அப்படியே தூக்கிப் போட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பார்வையில்லாத மாணவர்களுக்கு ஒரு மென்பொருள்தான் பக்கங்களை வாசித்துக் காட்டும். படம் வந்தால் அது 'படம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உள்ள பெட்டியில், படத்தில் என்ன இருக்கிறதென்று எழுதி வைக்க வேண்டும். கண்ணால் படிப்பவர்களுக்கு அது தெரியாது; காதால் படிப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். எழுதியதை அவர்களைப் போலவே கேட்டுச் சரிபார்க்கத்தான் அவர் திரையை அணைப்பது. மென்பொருளின் குரலுக்கு அவர் வைத்த பெயர் அம்மணி. தலைப்பே இல்லாமல் நீளமாக ஒரு பாடம் வந்தால், "அம்மணிக்கு மூச்சு வாங்குது, பிரிச்சுக் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆசிரியர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

நாள் முழுக்க அவரோடு பேசுவது அம்மணி ஒருத்திதான். மனைவி தவறிய பிறகு வீட்டில் ரேடியோகூடப் பாடுவதில்லை. மதியச் சாப்பாட்டு டப்பா பல நாள் திறக்காமலே வீடு திரும்பும்.

இந்த வருஷம் துறைத்தலைவி கேட்டேவிட்டார். "கேக்குறவங்க யாருமே இல்லாதப்ப எதுக்கு சார் இவ்ளோ மெனக்கெடுறீங்க? அடுத்த பருவத்துலேர்ந்து படத்துக்கெல்லாம் எழுத வேணாம்."

"இருப்பாங்கம்மா" என்றார். யார் என்று கேட்டால் காட்ட அவரிடம் ஆள் இல்லை. இத்தனை வருஷமும் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தோமா என்று உள்ளுக்குள் இடிந்துபோனார்.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் அதில் எதையாவது அடித்து அம்மணியைச் சொல்லவைப்பது அவர் வழக்கம். சரியாக வந்தால் அதை அழித்துவிட்டு விவரத்தை எழுதுவார். அடிப்பது எப்போதும் ஒன்றுதான்: 'சாப்பிட்டாச்சா?' மனைவி மதியம் தவறாமல் போனில் கேட்டது. அம்மணி அதை வெறும் கடமைக்குக் கேட்பாள். அப்படியாவது யாரோ கேட்கிறார்களே என்றிருக்கும் அவருக்கு. மனசு சரியில்லாத அந்த நாட்களில் ஒரு படத்தில் மட்டும் அதை அழிக்க மறந்துவிட்டார். சிறுநீரகத்தின் படம். பாடம் அப்படியே வெளியாகிவிட்டது.

நேற்று, மாணவர்கள் சந்தேகம் எழுதும் பகுதியை அம்மணி வாசித்துக்கொண்டு வந்தாள். "சார், சிறுநீரகப் படத்துல என்ன இருக்குன்னே சொல்லல. சாப்பிட்டாச்சான்னு மட்டும் கேக்குது. நான் சாப்பிட்டேன். நீங்க?"

இருட்டு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதால் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது! அம்மணியை மறுபடி மறுபடி வாசிக்கவைத்தார். அப்புறம் சிறுநீரகத்தை ஒரு குழாய் விடாமல் விவரித்து எழுதினார். துறைத்தலைவிக்கும் அந்தச் சந்தேகத்தை அனுப்பிவைத்தார்.

மாணவனுக்குப் பதில் அடிக்க உட்கார்ந்தார். 'மன்னிக்கணும், தப்பு என்னோடதுதான். சரி பண்ணிட்டேன்.' அதுவரைக்கும் விரல் தடங்கலில்லாமல் ஓடியது. 'நானும்' என்று தொடங்கி நின்றுவிட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றாமலே மேசைக்கடியில் கைவிட்டுத் துழாவி, டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்.