மியூசியம் காண அவசரம்

கொரோனா வந்ததும் தேயிலை எஸ்டேட் மியூசியத்தைப் பூட்டினார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, அப்பாவைத் தவிர. அங்கே மாட்டியிருக்கும் பழைய போட்டோ ஒன்றில், கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நடுவே அம்மா சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் இறந்து போன பிறகு, ஞாயிறுதோறும் சட்டை மாற்றிக்கொண்டு அப்பா அதைப் பார்க்கப் போவார். வீட்டில் அம்மா படமே இல்லையா என்றால், பழைய ரேஷன் கார்டில் இருந்தது. அதைப் பார்த்தால் பெற்ற மகள் எனக்கே யாரென்று கேட்கத் தோன்றும்.

வயசானவர்கள் வாசல் தாண்டக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஞாயிறு வந்தால் அப்பா சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் வாட்சாப்பில் மலையாளத்தில் ஒரு அறிவிப்பு வந்தது, வீட்டிலிருந்தே மியூசியம் காண 'அவசரம்' என்று. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பிறந்ததிலிருந்து கேரளத்தில் இருக்கும் அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தாலும் தமிழில்தான் அர்த்தம் எடுப்பார்.

"அவனே அவசரம்னு போட்டிருக்கான், சீக்கிரம் எடு" என்றார்.

எடுத்தேன். அம்புக்குறியை அமுக்கி அமுக்கி உள்ளே போனோம். இலை உருட்டும் பழைய மெஷின் வந்தது. துரைமார் குடித்த கோப்பைகள் வந்தன, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். அம்மா போட்டோவும் வந்தது. ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, சரியாக அவள் முகத்தை மறைத்திருந்தது. நேரில் என்றால் ஒரு எட்டுத் தள்ளி நின்றால் போதும். இது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கோப்பைகள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மியூசியம் வாட்ச்மேன் அடுத்த லயத்துக்காரர்தான். வேலை போய்விடும் என்றவரிடம் போனிலேயே சண்டை போட்டு, அப்புறம் அழுது, ஒரு வழியாக வீடியோ கால் போட வைத்தேன். அவர் போனைப் போட்டோவுக்கு நேரே பிடித்தார். அப்பா இங்கிருந்தே இடது, இன்னும் கொஞ்சம் இடது என்று அவரை நகர்த்தினார். வெளிச்சம் விலகியது. அம்மா சிரித்தாள்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனும் கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "போதுமா அண்ணாச்சி?" என்றார்.

"இருடே" என்றார் அப்பா. "என்ன அவசரம்?"