தக்கைக்குத் தைத்த உறை

என் தம்பிக்குத் தலை போகிற காரியம் என்றால்தான் அக்காவின் ஞாபகம் வரும். அந்தச் சனிக்கிழமை கொருக்குப்பேட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

முகத்துவாரக்குப்பத்தில் அவனுக்கு ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. வலையில் மீனை விடச் சேறுதான் அதிகம் ஏறுகிறது என்றான பிறகு, வீடியோ பார்த்துவிட்டு ஆசையாகத் தூண்டில் போட வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றிக்கொண்டு போகிறான். அதில்தான் குடும்பம் ஓடுகிறது. வருகிறவர்களின் தூண்டில் கோலைச் செருகி வைக்க, போட்டின் விளிம்பில் இரும்புக் குழாய்களை முடுக்கியிருந்தான். அங்கேதான் வந்தது வினை. கோலின் கைப்பிடி தக்கையில் செய்தது. போட் ஆட ஆட, குழாயின் வாய் அந்தத் தக்கையை எலி கொறித்தது போலத் தின்றுவிட்டது. குழாயின் வாயை அரத்தால் ராவிப் பார்த்தான், ரப்பர் சுற்றிப் பார்த்தான். உப்புத் தண்ணீரில் எதுவும் நிற்கவில்லை. ஒரு கூட்டம் சண்டை போட்டுவிட்டு வேறு போட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சியவர் ஒருவர்தான். கைப்பிடியில் இன்னொரு கீறல் விழுந்தால் வரமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

“அவரும் பூட்டாருன்னா போட்ட வித்துட்டுக் கூலிக்குத்தான் போவணும்க்கா. அந்தப் புடிக்கு ஒற மாதிரி இன்னாவாவது தச்சுக் குடேன்.”

நான் ஜீன்ஸ் தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவள். துணி விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. வீட்டில் கிடந்த ஜீன்ஸ் கட் பீஸை எடுத்து, அவன் சொன்ன அளவுக்கு நீளமாக ஓர் உறை தைத்தேன். அடியைத் திறந்து விட்டால் அரைகுறை வேலையாக இருக்குமே என்று, தலையணை உறை போல அடியையும் மூடி இரட்டைத் தையல் போட்டேன். தம்பி இழுத்துப் பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி கீதுக்கா” என்றான்.

உறை நழுவுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மறுநாள் என்னையும் போட்டில் ஏற்றினான். பொம்பளை போட்டில் ஏறுவதைப் பார்த்துக் கரையில் இரண்டு பெரிசுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இன்றைக்கு ஏதாவது ஒன்று கோணலாகப் போனால் என் தலையில்தான் விடியும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன். தூண்டில் போட வந்த அந்த ஒருவர் அதிகம் பேசாத மனிதர். உறையைத் தடவிப் பார்த்து “ம்” என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கு விளங்கவில்லை.

கோலைக் குழாயில் செருகி, தூண்டில் நூலைப் பின்னால் தண்ணீரில் விட்டபடி கழிமுகத்தின் வாயில் மெல்லப் போய்க்கொண்டிருந்தோம். இடப்பக்கம் மணல்திட்டில் அலை உடைந்துகொண்டிருந்தது. மோட்டாரிலிருந்து கையைக் கொஞ்சம் எடுத்தாலும் அலை போட்டை அந்தத் திட்டில் தூக்கிப் போட்டுவிடும் என்பதால், தம்பி இடத்தை விட்டு அசையவில்லை.

திடீரென்று கோலில் நூல் சுற்றியிருந்த ரீல் கிறீச்சிட்டது. அவர் பாய்ந்து கோலைப் பிடித்து இழுத்தார். கோல் வரவில்லை. குழாய்க்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள, ரீல் தலைகீழாகத் தொங்கியது. நூல் போட்டின் விளிம்பில் உரசிக்கொண்டு ஓடியது.

“இழு சார், இழு!” என்று தம்பி கத்தினான்.

“வரலப்பா! உள்ள மாட்டிக்கிச்சு! லைன் அறுந்துடும்!”

நான் தவழ்ந்து போய்க் குழாயின் அடிப்பக்கமாக எட்டிப் பார்த்தேன். அடியில் குறுக்கே ஒரு போல்ட் இருந்தது. கோலின் அடியில் அதற்கென்றே ஒரு வெட்டு இருக்குமாம். அது போல்ட்டில் உட்கார்ந்தால்தான் கோல் சுற்றாது. என் இரட்டைத் தையல் அந்த வெட்டை அழகாக மூடியிருந்தது. சுற்றிய சுற்றில் நனைந்த துணி முறுக்கேறிக் குழாயை அடைத்துக்கொண்டது. ஜீன்ஸ் பிழிந்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிக் கட்டையாகும் என்று.

தம்பியின் மீன் அறுக்கும் கத்தியை எடுத்து, உறையின் வாயில் விட்டு, நான் போட்ட தையலை நானே கீழ்நோக்கிக் கிழித்தேன். பாதியில் ஓர் அலை போட்டைத் தூக்கிப் போட்டது. கத்தி துணியைத் தாண்டி மெத்தென்று இறங்கியது. எதில் இறங்கியது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. மிச்சத்தையும் கிழித்தேன்.

கோல் வெளியே வந்தது. தூரத்தில் ஒரு பெரிய கொடுவா மீன் தண்ணீருக்கு மேலே எழும்பி வாயை உதறியது. விளிம்பில் தேய்ந்திருந்த நூல் அப்போதுதான் அறுந்தது.

தம்பி போட்டைக் கரைக்குத் திருப்பினான். இறங்கியதும் அவர் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். தக்கையில் ஒரு விரல் நீளத்துக்குக் கத்தி வெட்டு. குழாய் அத்தனை நாளில் செய்யாத சேதத்தை நான் ஒரே இழுப்பில் செய்திருந்தேன்.

“யார் தச்சது இது?”

“நாந்தான் சார்” என்றான் தம்பி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இவன் ஊசில நூல் கோத்தா அன்னிக்கு மழ கொட்டும் சார். தச்சதும் நாந்தான், கிழிச்சதும் நாந்தான்.”

“அடிய ஏன் மூடுனீங்க?”

“தலகாணிக்கு மூடுவோம். இதுக்கு மூடக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது.”

அவர் ரீலைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் வெறும் கோலை என்னிடம் நீட்டினார்.

“இந்தக் கத்தி வெட்டு மேல படியிற மாதிரி, அடி இல்லாம தைங்க.”

மணலில் நடந்து தன் காருக்குப் போய்விட்டார்.

“அக்கா, அந்தாளு திரும்ப வருவாரா?” என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

“கோல உட்டுட்டு எங்கடா பூடுவாரு?” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.