முதல்வர் தேடச் சொன்ன ஆள்

நாளை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆன்லைன் தேர்வு. இன்று காலை ஒரு கணினியிலும் இணையம் இல்லை.

யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரிலுள்ள நெட்வொர்க் துளையில் செருகியிருக்கிறார்கள். முகவரி வழங்க வேண்டிய எங்கள் சர்வரை முந்திக்கொண்டு, அது எல்லாக் கணினிக்கும் தப்பான ஐபி முகவரியை வழங்கிக்கொண்டிருந்தது.

"எவம்ல இதச் செய்யுதான்? கண்டுபிடிச்சு பேர நோட்டீஸ் போர்டுல ஒட்டும் ஓய்!" என்றார் முதல்வர்.

கல்லூரி நெட்வொர்க்கைக் கவனிப்பவன் நான். எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்டேன். சர்வரின் வயர் செருகியிருக்கும் துளையை, அதாவது போர்ட்டை மட்டும் நம்பு, வேறு எங்கிருந்து முகவரி வந்தாலும் தடுத்துவிட்டு என்னிடம் சொல் என்பதுதான் அதன் பொருள். கோயில் கொடையில் பூசாரி கையால் மட்டும் திருநீறு வாங்குவதைப் போல.

ஆய்வகம் முழுக்க இணையம் வந்தது. சுவிட்ச் குற்றவாளியையும் காட்டிக்கொடுத்தது.

"ஆளு கிட்டிச்சா?" என்றார் முதல்வர், நான் அவர் அறைக்குள் நுழைந்ததும்.

"பதினேழாம் போர்ட், சார்."

"அது யாரு ரூம்?"

நான் அவர் மேசையோரம் மின்னிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"மருமவன் துபாய்லேந்து கொண்டு வந்ததாக்கும். நல்ல சாதனம்."

"சாதனம் நல்லதுதான் சார். திருநீறு கொடுக்க வேண்டிய பூசாரிதான் வேற."

முதல்வர் எழுந்து பெட்டியின் வயரைத் தானே பிடுங்கினார்.

"நோட்டீஸ் போர்டு வேண்டாம், மக்கா."

எங்கள் கல்லூரியில் பதவி பார்க்காமல் வேலை செய்பவர் இன்று முதல் ஒருவர் இருக்கிறார்: அந்த சுவிட்ச். நியமித்தது நான் என்பதில் எனக்குப் பெருமை.

உங்கள் அலுவலகத்தில் பதினேழாம் போர்ட் யார்?