என் வீட்டு வாசலில் போத்தல் தண்ணீர்

எங்கள் தாமான், ஒரு சின்னக் குடியிருப்பு, உலு திராம் ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அரசாங்கத் தண்ணீர்க் குழாய் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி வீடுகளுக்கு விடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பூமியிலிருந்து வரும்போது தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். கொஞ்ச நேரம் போனால் அதிலுள்ள இரும்பு சிவந்து அடியில் படியும். தேநீர் போட்டால் மை மாதிரி கறுத்துவிடும். அதனால் காற்றில் சிதறவிட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்புவேன். "மருந்து நாத்தம் அடிக்குதுலா" என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு கிளாஸ் பிடித்து மடமடவென்று குடித்துக் காட்டுவேன்.

போன வருடம் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையோடு அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, என் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டவென்று கடையில் சொல்லிப் போத்தல் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தாள். வாசலில் அடுக்கியிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணே, எங்களுக்கு பைப்புத் தண்ணி, உங்களுக்கு போத்தலா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இந்தத் தாமானில் என் பேச்சுக்கு இருந்த மரியாதையே நான் விடும் குழாய்த் தண்ணீரால்தான்.

வீட்டுக்குள் போய் மனைவியிடம் கத்தினேன். "ஊருக்கே குடுக்கிற தண்ணி என் பேரனுக்கு ஆகாதா?"

"பச்சப் புள்ளங்க. நீங்க குடிச்சுக் காட்டுவீங்க. அவன் குடிச்சுக் காட்டுவானா?"

"விடுங்கம்மா," என்றாள் மகள். "அப்பா தண்ணியிலயே குளிப்பாட்டலாம்."

ஜெயித்துவிட்டேன். காய்ச்சுவதற்காக மனைவி குழாயைத் திறந்தாள். "ஒரு நிமிஷம் இரு" என்று அவளை நிறுத்தினேன். காலையில் சோதித்த தண்ணீர்தான். இருந்தாலும் சோதனைப் பெட்டியை எடுத்து வந்தேன். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துத்தூளைப் போட்டேன். குளோரின் சரியாக இருந்தால் வருகிற அதே இளஞ்சிவப்பு வந்தது. மனசு ஆறவில்லை. கொட்டிவிட்டு இன்னொரு தடவை பிடித்தேன்.

"எத்தன தடவ பாப்பீங்கப்பா?" என்றாள் மகள்.

எதிர்வீட்டிலும் ஒரு கைக்குழந்தை உண்டு. அவர்கள் தினமும் இந்தப் பயத்தோடுதானே குழாயைத் திறந்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் என்னமோ கிளாஸ் கிளாஸாகக் குடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் சோதனைப் பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனேன். "நீங்களே பாத்துக்குங்க தம்பி" என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். இடுப்பில் பிள்ளையோடு வந்த அந்தப் பெண்தான் குழாயைத் திறந்து குப்பியில் தண்ணீர் பிடித்தாள்.

அவளே மருந்துத்தூளைப் போட்டாள்; இளஞ்சிவப்பு வரும்வரை நானும் அவர்களோடு குனிந்து குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.