டெஸ் விட்டுப்போன சாமான்கள்

டெஸ் பிப்ரவரி மாதத்தில், மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது இறந்துபோனார். மருந்துச் சீட்டு கையில் இருக்க அப்படியே சரிந்தார் என்று கடைக்காரப் பெண் வந்து சொன்னாள். அவர் மனைவி க்ளெண்டாவுக்கு அழுகை வரவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் தோளைத் தொட்டுப் பேசினார்கள். அவள் எல்லோருக்கும் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தாள், கோப்பைகளைக் கழுவினாள், மறுநாள் வழக்கம்போல ஏழு மணிக்கு எழுந்தாள். அழுகை வராததைப் பற்றியாவது ஒரு கவலை வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

இங்கிலாந்தின் ஸ்பால்டிங் ஊரில் முப்பத்தாறு வருஷம் வீட்டு ஜன்னல் துடைத்தவர் டெஸ். ஏணியும் வாளியுமாகத் தெருத் தெருவாகப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்றைக்கும் வீட்டில் இருக்கமாட்டார். பழைய விமான ஓடுதளத்தில் காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கிற சந்தை கூடும். அங்கே போய் எதையாவது வாங்கிவந்து தோட்டத்துக் கொட்டகையில் வைப்பார். என்ன வாங்கினீர்கள் என்று க்ளெண்டா முதல் இரண்டு வருஷம் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் அடுத்த வீட்டு நோரீன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். வாழைப்பழம் வருகிற அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"இதையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? வித்துத் தொலைடி."

"யாரு வாங்குவா?"

"டெஸ் வாங்கலையா? அவரை மாதிரி இன்னும் நாலு பேரு இருக்கத்தான் செய்வாங்க."

நோரீனிடம் பெரிய கார் இருந்தது. பெரிய வாயும் இருந்தது. விற்பதற்கு இரண்டும் வேண்டும் என்று அவளே சொன்னாள். க்ளெண்டா சரி என்றாள். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள்.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓடுதளத்தில் காரை நிறுத்தினார்கள். இறங்குவதற்குள் வியாபாரிகள் நாலு பேர் பின்கதவைச் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டிக்குள் கைகள் போயின.

"வெள்ளி இருக்காம்மா? பழைய காசு? மெடல்?"

"கையை எடுய்யா," என்றாள் நோரீன். "மேசையில பரப்புற வரைக்கும் பொறுக்க மாட்டியா? கல்யாண வீட்டுல கூட இப்படி முண்டமாட்டாங்க."

பல சாமான்கள் செய்தித்தாளில் சுற்றி, நாடா ஒட்டி, பத்திரமாக இருந்தன. க்ளெண்டா பிரித்துப் பிரித்து வைத்தாள். பீங்கான் முட்டைக்கிண்ணம். பித்தளை மணி. காலணி மாட்டும் கரண்டி. பூதக்கண்ணாடி. ஊசி குத்திவைக்கும் குட்டித் தலையணை. அவற்றோடு துளைக்கும் எந்திரமும் பூட்டுகளும் ரப்பர் குழாய்களும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"இந்த ரேடியோ பாடுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா ஒரு பவுண்டு."

"சரி."

நோரீன் அவள் காலை மிதித்தாள். "அஞ்சுன்னு சொல்லுடி. பாடலைன்னா அவரே பாடிக்கட்டும்."

மீந்ததை நோரீன் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். 'இன்னும் இருக்கா?' என்று ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டார்கள். இருக்கு என்று பதில் எழுதினால் ஆளைக் காணோம். ஒருத்தி முட்டைக்கிண்ணத்தின் அடிப்பாகத்துக்குப் படம் கேட்டாள், உள்பாகத்துக்குக் கேட்டாள், கடைசியில் தனக்கு முட்டை ஆகாது என்று எழுதினாள். நோரீன் அதை வாசித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள். க்ளெண்டாவும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு ஒரு முதிய பெண்மணி கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். மிஸஸ் அட்கின், பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவர். மேசையின் கோடியில் பச்சைத் தோல் உறைக்குள் மடிந்து நிற்கிற சின்ன அலாரம் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்தார். உள்பக்கம் மையால் எழுதியிருந்ததைக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் படித்தார். வெகு நேரம் படித்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு வரிதான்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர் வாங்கினது. இதே சந்தையிலதான் வாங்கியிருப்பாரு."

"உங்க வீட்டுக்காரர் யாரு?"

"டெஸ். ஜன்னல் துடைக்கிறவர். பிப்ரவரியில தவறிட்டாரு."

மிஸஸ் அட்கின் மூடியைச் சாத்தினார். "எங்க வீட்டு ஜன்னலையும் அவர்தான் துடைச்சாரு. பதினோரு வருஷம். இது எங்க அண்ணனோடது. மாடியில என் கட்டில் பக்கத்துல இருந்துச்சு. காத்து வரட்டும்னு ஜன்னலைத் திறந்தே வச்சிருப்பேன்."

நோரீன் குறுக்கே வந்தாள். "செத்தவர் மேல பழி போடாதீங்கம்மா. யாரோ திருடி இங்க வித்திருப்பாங்க. அவரு காசு குடுத்து வாங்கியிருப்பாரு."

"இருக்கலாம்," என்றார் மிஸஸ் அட்கின். அவர் குரல் உயரவில்லை. க்ளெண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்காக ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பினேன். வீடு கூட்டித் துடைக்க வந்த பொண்ணு. லிதுவேனியாக்காரி. நீதான் எடுத்தேன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

அவர் கைப்பையைத் திறந்து பணப்பையை எடுத்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார் மிஸஸ் அட்கின்.

"எடுத்துட்டுப் போங்க."

அவர் போன அடுத்த நிமிஷமே ஒருவர் வந்து ரப்பர் குழாயின் நீளம் கேட்டார். க்ளெண்டா காலடியால் அளந்து காட்டி, விலை பேசி விற்றாள். பன்னிரண்டு மணி வரைக்கும் விற்றாள்.

அந்த வாரம் முழுக்க க்ளெண்டா கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கருவிகள், பூட்டுகள், குழாய்கள் எல்லாம் செய்தித்தாள் சுற்றாமல் இருந்தன. சிலவற்றில் சந்தை விலை எழுதிய ஒட்டுத்தாள்கூட இருந்தது. சுற்றிவைத்தவை வேறு. பேர் வெட்டிய வெள்ளி வளையம், சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணியைச் செருகிவைப்பது. பள்ளிக்கூட நீச்சல் பதக்கம். ஒரு குழந்தையின் முதல் காலணி, ஒற்றைக்கால் மட்டும். எதற்கும் பெரிய விலை கிடையாது. ஏணி மேலிருந்து கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்கக்கூடியவை. நூற்று நாற்பது சாமானுக்கு மேல் எண்ணிவிட்டு அவள் எண்ணுவதை நிறுத்தினாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

எழுந்து போய் நோரீனின் கதவைத் தட்டினாள். "எல்லாத்தையும் படம் எடு. இணையத்துல நம்ம ஊருக்குன்னு இருக்கிற பக்கத்துல போடு. யாருதோ அவங்க வந்து வாங்கிக்கட்டும்."

"என்னன்னு எழுதுறது?"

"டெஸ் எடுத்ததுன்னு எழுது."

"க்ளெண்டா, ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும்."

துப்பினார்கள். செத்துப்போய்ப் பதில் பேச முடியாத மனுஷனை அவமானப்படுத்துகிறாள் என்று சிலர் எழுதினார்கள். இவளுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று சிலர் எழுதினார்கள். டெஸ் தங்கமான மனுஷன், மழை நாளில் எங்கள் அம்மாவுக்கு மளிகை வாங்கிக் கொடுத்தார் என்றும் ஒருத்தி எழுதினாள். க்ளெண்டா போலீசுக்கும் சொன்னாள். அவர்கள் குறித்துக்கொண்டு ஒரு எண் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நீச்சல் பதக்கத்துக்காக வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"இதுக்காக எங்கம்மா என் தம்பியை அடி பின்னிட்டாங்க," என்றார் அவர். "அவன் இப்ப ஆஸ்திரேலியாவுல இருக்கான். போன் பண்ணிச் சொல்லணும்."

"சொல்லுங்க," என்றாள் க்ளெண்டா.

ஒரு ஆள் மூன்று சாமான் தன்னுடையது என்றான். மூன்றும் மூன்று தெருவைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் எடுத்துப் போகட்டும் என்று விட்டாள். நோரீன்தான் வாசல் வரைக்கும் போய், "உங்க வீட்டுக் கூரை ஏதாவது காணாமப் போச்சா, அதையும் தேடிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த லிதுவேனியாப் பெண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் க்ளெண்டாவின் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மிஸஸ் அட்கினுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாலு வருஷம் ஆச்சு. இப்போ எந்த முகத்தோட போறது?" என்றார் மிஸஸ் அட்கின். "பேரு ரசா. பஸ் நிலையத்துப் பக்கம் தையல் கடை வச்சிருக்கான்னு கேள்வி."

க்ளெண்டா செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள். கடை சின்னது. ஜிப் மாற்றுவது, பாவாடை அளவு குறைப்பது என்று வாசலில் இரண்டு மொழியில் எழுதியிருந்தது. ரசா நாற்பது வயதுக்காரி. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் துடைக்கிறவர்தான் கடிகாரத்தை எடுத்தார் என்று க்ளெண்டா நின்றபடியே சொல்லி முடித்தாள். ரசா ஊசியை எடுத்தாள்.

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமா."

"நீங்க யாரு? அந்தம்மாவுக்குச் சொந்தமா?"

"எடுத்தவரோட பொண்டாட்டி."

ரசா ஒரு நாற்காலி மேலிருந்த துணியை நகர்த்தினாள். க்ளெண்டா உட்கார்ந்தாள்.

"நான் திருடினேன்னு அந்தம்மா ரொம்பப் பேருகிட்ட சொல்லலை," என்றாள் ரசா. "ரெண்டே வீட்டுலதான் சொன்னாங்க. அதுவே போதுமா இருந்துச்சு. ரெண்டு வருஷம் கேரட் கழுவிப் பையில அடைக்கிற தொழிற்சாலையில நின்னேன். கையெல்லாம் வெடிச்சுப்போச்சு. அப்புறம் இது."

"மன்னிச்சுக்கங்க."

"நீங்க எதுக்குக் கேக்குறீங்க? நீங்களா எடுத்தீங்க?" கால்சட்டையைத் திருப்பிப் போட்டாள். "உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். ஏணியில நின்னு கையாட்டுவாரு. நான்தான் டீ போட்டுக் குடுப்பேன். மூணு கரண்டி சர்க்கரை."

"மூணா?"

"மூணு. கலக்கக் கூடாதும்பாரு. அடியில தங்கியிருக்கிறதைக் கடைசியில கரண்டியால சாப்பிடுவாரு."

டெஸ்ஸுக்குச் சர்க்கரை வியாதி. பத்து வருஷமாக வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை தொட்டதில்லை. தொடவிடாமல் பார்த்துக்கொண்டவள் க்ளெண்டா. அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மூக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

"எதுக்கு எடுத்தாராம்?" என்றாள் ரசா.

"தெரியலை. எதையும் விக்கலை. காகிதத்துல சுத்தி வச்சிருந்தாரு."

ரசா தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டதாகவும் தெரியவில்லை, புரியாததாகவும் தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "அந்தம்மாவை ஒரு கடுதாசி எழுதச் சொல்லுங்க. நான் எடுக்கலைன்னு. கையெழுத்துப் போட்டு. அந்த ரெண்டு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு. வீட்டுக்கு வந்து அழவேண்டாம். எழுதினாப் போதும்."

மிஸஸ் அட்கின் எழுதினார். மூன்று கடிதத்தையும் நீலக் காகிதத்தில், டீச்சர் கையெழுத்தில், ஒரே மாதிரி எழுதி க்ளெண்டாவிடம் கொடுத்தார். இரண்டை க்ளெண்டா அந்த வீடுகளில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வீட்டில் குடிவந்தவர்கள் புதியவர்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவதை ரசா வாங்கி, நின்றபடியே படித்தாள். "இங்க ஒரு எழுத்து விட்டுட்டாங்க, என் பேருல," என்றாள். மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்திவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

செப்டம்பர் வரைக்கும் முப்பத்தொரு சாமான் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. கருவிகளையும் பூட்டுகளையும் ஓடுதளத்தில் விற்றுத் தீர்த்தார்கள். மற்றவற்றைக் கேட்டு யாரும் வரவில்லை. சொந்தக்காரர்கள் செத்திருக்கலாம், மறந்திருக்கலாம், தொலைந்ததே தெரியாமலும் இருந்திருக்கலாம். அவற்றை விற்க க்ளெண்டா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆறு பெட்டிகளை நோரீனின் காரில் ஏற்றிக்கொண்டு ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போனார்கள்.

வாசலில் நின்ற ஊழியர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இருக்கு? இரும்பா, மரமா, கண்ணாடியா?"

"எல்லாம் கலந்து கிடக்குது."

"அப்படின்னா கடைசித் தொட்டிக்குப் போங்க."

க்ளெண்டா படியேறி நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தாள். பீங்கான் உடைகிற சத்தம் கேட்டது. ஆறாவது பெட்டியை நோரீன் வாங்கிக் கவிழ்த்தாள்.

"இப்ப எப்படிடி இருக்கு?" என்றாள் காருக்குள் ஏறியதும்.

க்ளெண்டா யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லை. பசிக்குது."

வழியில் நிறுத்தி, ஆளுக்கொரு பொட்டலம் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நோரீன் தன் மகளின் புது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கில் உப்பு குறைவாக இருந்தது. க்ளெண்டா முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.